கயபாவின் சால்வை

உடுப்புப் பெட்டியின் அடியிலிருந்து சால்வையை எடுத்த ஸ்ரனிஸ்லாஸ் அதைத் தோளில் போடவில்லை. ஒரு முனையை வெளிச்சத்தில் பிடித்து, தொங்கிய குஞ்சத்தின் முடிச்சுகளை எண்ணினார். ஐந்து. நூல்கள் எட்டு. நூலகத்துப் புத்தகத்தில் இருந்த படத்தில் பார்த்தது இதையேதான்.

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் குருத்து ஞாயிறன்று மேடையேற்றும் திருப்பாடுகளின் நாடகத்தில் பன்னிரண்டு வருடமாகத் தலைமைக் குரு கயபா அவர்தான். இயேசுவை விசாரிக்கும் இடத்தில் "தேவதூஷணம்!" என்று கத்திச் சால்வையை நடுவால் கிழிப்பார். முன்வரிசைப் பெண்கள் "பாவி" என்று முணுமுணுப்பார்கள். உண்மையில் கிழிவது வெல்குரோ ஒட்டுப்பட்டி. இக்காஸ்ட் தையல் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்த நீக்கிலாஸ் அண்ணைதான் சால்வையை நடுவால் வெட்டி, இரண்டு பக்கமும் அதை வைத்துத் தைத்தவர். வெட்டும்போது மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஸ்ரனிஸ்லாஸ்.

"அண்ணை, இதை நான் கொண்டு போகப் போறன்" என்றார் அவர்.

நாடகத்தை நெறிப்படுத்தும் நீக்கிலாஸ் கண்ணாடியை உயர்த்தினார். "தோய்க்கவோ?"

"இல்லை. சொந்தக்காரனிட்டக் குடுக்க."

"அந்தாள் செத்துப் பன்னிரண்டு வருசம் எண்டு நீர்தானே சொன்னீர்?"

"ஓம். அவரின்ரை குழியிலை வைக்க வேணும்."

ஒத்திகைக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் சிரிக்கவில்லை.

அந்த ஆளின் பெயர் ஹேர்மன். ஸ்ரனிஸ்லாஸ் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கடைசி மூன்று வருடங்கள் இருந்தவர். வெள்ளிக்கிழமை பொழுதுபட இரண்டு மெழுகுதிரி கேட்பார். நெருப்புக் கொளுத்த அங்கே அனுமதி இல்லை. ஸ்ரனிஸ்லாஸ் பற்றரியில் எரியும் திரிகள் இரண்டு வாங்கிக் கொடுத்தார். லூத்தரன் சபைக்காரர் நிறைந்த ஊரில் திரி கேட்கிற கிழவர், அதுவும் வெள்ளிக்கிழமையில் கேட்கிறவர், வேறு யாராக இருக்க முடியும்? நம்முடைய ஆள், கத்தோலிக்கர் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கேட்கவில்லை. கேட்டு அறிகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஹேர்மன் இறந்த அன்று நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு, மடுமாதா கோயிலில் மந்திரித்த தன் செபமாலையை அந்த விரல்களுக்கிடையே வைத்தார். மகள் வந்து அறையை ஒழித்தாள். வேண்டாதவற்றைப் பையில் கட்டி, "யாராவது எடுங்கள்" என்று விட்டுப் போனாள். அந்தப் பைக்குள் இருந்தது கறுப்புக் கரை போட்ட இந்த வெள்ளைச் சால்வை. கயபாவுக்கு நல்ல எடுப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

இந்தத் தவக்காலத்தில் நூலகத்திலிருந்து எடுத்த தடித்த டேனிஷ் புத்தகம் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. வெள்ளி மாலை இரண்டு திரி ஏற்றுவது யூதர்களின் ஓய்வுநாள் வழக்கம். அது அவர்கள் செபத்துக்குப் போர்த்தும் சால்வை. இறந்தவரை அதைப் போர்த்தித்தான் அடக்குவார்கள். ஹேர்மனை வெறுமனே எரித்தார்கள், சிலுவையோடும் செபமாலையோடும்.

அந்தப் புத்தகம் இன்னொன்றும் சொன்னது. இயேசுவை மெசியா என்று நம்பிய முதல் ஆட்கள் யூதர்கள்தான். அவர்கள் மற்ற யூதர்களோடு ஒரே தொழுகைக்கூடத்தில், ஒரே திருப்பாடல்களைச் சொல்லிப் பல வருடம் இருந்தவர்கள். பிறகு வீட்டுச் சண்டை. ஒரு பக்கம் வெளியே தள்ளியது, மறுபக்கம் வெளியே நின்று ஏசியது. கோபத்தில் சகோதரன் சகோதரனைச் சொன்ன சொற்கள் நற்செய்தி நூல்களில் ஏறிவிட்டன. எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தாங்களும் அந்த வீட்டுப் பிள்ளைகள் என்பது மறந்துபோயிற்று. ஏச்சு மட்டும் மறக்கவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் சமையலறையில் இருந்து அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். எதிரே இருந்து மரக்கறி வெட்டிய மனைவி அருள்நாயகி, "உங்களுக்கு வாசிப்புக் கூடிப்போச்சு" என்றாள்.

இப்போது ஸ்ரனிஸ்லாஸ் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் நீக்கிலாஸ் சால்வையின் மறுமுனையைப் பிடித்தார். "யூதன்ரை உடுப்பெண்டால் யூதனுக்குத்தானே போடுறம்? இன்னும் பொருத்தம்."

"இயேசுவும் இதைத்தான் போட்டிருப்பார், அண்ணை. அவரும் யூதன். பேதுருவும். மாதாவும்."

"மாதாவை இழுக்காதையும்!"

"கொழும்பிலை ஒருத்தன் எங்கட செத்த ஆக்களின்ரை வேட்டியைக் கட்டிக்கொண்டு வில்லனா நடிச்சு, சனம் கைதட்டினால் உங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

நீக்கிலாஸின் முகம் கறுத்தது. "என்ன விசர்க் கதை இது? நாங்கள் பட்டது என்ன, இது என்ன? எங்கட நாடகம் வேதத்திலை உள்ளது. உமக்குக் கயபா வேண்டாமெண்டால் விடும். ஸ்ரான்லி செய்வான். சால்வை கோயில் சொத்து."

சால்வை அப்போதும் ஸ்ரனிஸ்லாஸ் கையில்தான் இருந்தது. அப்படியே காருக்குக் கொண்டு போயிருக்கலாம், ஒருவரும் மறித்திருக்க மாட்டார்கள். ஆனால் முப்பது வருடம் சேர்ந்து உண்டு, சேர்ந்து அடக்கம் செய்த சனம் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் பேசாமல் நின்றால் சம்மதம் என்றே அவர்கள் எடுத்துப் பழகியவர்கள். சால்வையை மடித்தார். பெட்டிக்குள் வைத்தார்.

குருத்து ஞாயிறன்று அவர் கடைசி வரிசையில் இருந்தார். பக்கத்துக் கதிரை காலி. அருள்நாயகி முன்னால் போய்ப் பெண்களோடு இருந்துகொண்டாள். "யூதருக்குப் பரிஞ்சு கதைக்கிற மனுசன்" என்று யாரோ சொன்னது அவருக்குக் கேட்கவேண்டும் என்றே சொல்லப்பட்டது.

ஸ்ரான்லி உடற்பயிற்சி செய்த உடம்புக்காரன். "தேவதூஷணம்!" என்று கத்தி அவன் இழுத்த இழுவையில் வெல்குரோ விடவில்லை. பழைய கம்பளிதான் விட்டது. குறுக்காக, கரையோடு சேர்ந்து, உண்மையான சத்தத்தோடு கிழிந்தது. மண்டபம் அதிர்ந்து கைதட்டியது. ஒரு மூலைக் குஞ்சம் அறுந்து மேடையில் விழுந்தது. இயேசுவாக நடித்த ஜூலியன், கைகள் கட்டப்பட்டு, தலை குனிந்து, அதை மிதித்துக்கொண்டு போனான். அவன் கண்டிருக்க மாட்டான்.

எல்லாம் முடிந்த பிறகு ஸ்ரனிஸ்லாஸ் மேடைக்கு ஏறிக் குஞ்சத்தைத் தேடி எடுத்தார். நீக்கிலாஸ் கிழிந்த துண்டுகளைச் சுருட்டி அவரிடம் நீட்டினார். "இந்தாரும். கிழிஞ்சது எங்களுக்கு எதுக்கு? பிறகு, பெரிய வெள்ளி வாசகத்திலை உம்மட பேரை எடுத்தாச்சு. கோவிக்காதையும். சனம் விரும்பேல்லை."

"அங்கிள், சொறி" என்றான் ஸ்ரான்லி, வேர்வையைத் துடைத்துக்கொண்டே. அவன் முகத்தில் கைதட்டலின் சந்தோஷம் இன்னும் இருந்தது.

பெரிய சனிக்கிழமை காலையில் ஸ்ரனிஸ்லாஸ் ஒரு கைமண்வெட்டியும் கடைப் பையுமாகச் சேமக்காலைக்குப் போனார். ஹேர்மனின் சாம்பலைப் புதைத்த அன்று வந்தவர்கள் மூன்றே பேர். அவர் ஒருவர். வேலியோரம், பேர்ச் மரத்திலிருந்து நாலாவது கல். மரம் நின்றது. கல் இல்லை. அந்த வரிசையே இல்லை. வெட்டிவிட்ட புல்தான் இருந்தது.

தோட்டக்காரர் கைபேசியில் பதிவைப் பார்த்தார். "பத்து வருடத்துக்குத்தான் எடுத்திருந்தார்கள். மகளுக்குக் கடிதம் போட்டோம், பதில் வரவில்லை. போன வருடம் சமப்படுத்திவிட்டோம்." பிறகு மரியாதையாகக் கேட்டார்: "உறவினரா?"

ஸ்ரனிஸ்லாஸ் புல்லைப் பார்த்தபடி நின்றார். தன்னுடைய செபமாலை அந்த மனிதரோடு எரிந்து, எந்த இடம் என்று தெரியாமல் இதற்குள் எங்கோ கிடக்கிறது. அந்த மனிதரின் சால்வை இந்தப் பைக்குள் கிடக்கிறது. தோட்டக்காரர் விடைக்காகக் காத்து நின்றுவிட்டு, தலையசைத்துப் போய்விட்டார்.

கைபேசி அடித்தது. நீக்கிலாஸ்.

"ஸ்ரனிஸ், அந்தச் சால்வையை எறிஞ்சு போடாதையும். உண்மையாக் கிழிஞ்சது நல்லா எடுபட்டிட்டுது. ஓல்போர்க் ஆக்களும் அடுத்த வருசம் தங்களுக்கும் வந்து போடச் சொல்லிக் கேக்கினம். நான் வடிவாத் தைச்சு விடுறன். என்ன? கேக்குதோ?"

ஸ்ரனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். வேலிக்கு அப்பால் ஒரு பஸ் போய்ச் சத்தம் அடங்கியது.

"அப்ப சரி. நாளைக்குப் பூசைக்கு வரேக்குள்ளை கொண்டு வாரும்."

"இல்லை, அண்ணை" என்றார் அவர். நீக்கிலாஸ் அதற்கு முன்பே வைத்துவிட்டிருந்தார்.