ஏழு மணிக்காரியின் பாட்டு

கல்லூரியில் அவளுக்கு வைத்த பெயர் துருவி. ஒரு விஷயம் காதில் விழுந்துவிட்டால் அதன் அடிவேர்வரை போய்ப் பார்க்காமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பட்டமளிப்புக் கொண்டாட்டத்துக்குப் பாட்டுப் பொறுக்கும் வேலையை அவள் தலையில் கட்டியவர் பேராசிரியை. சினிமாப் பாட்டோ தொலைக்காட்சிப் பாட்டோ, எதுவானாலும் ஊக்கம் தர வேண்டும். காதலும் குடியும் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டையும் கழித்தால் மிஞ்சுவதை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றான் பஞ்சு. அவள் வகுப்புக்காரன், ஒலிபெருக்கியும் கணினியும் அவன் பொறுப்பு. ஆள் கொஞ்சம் கனம், அதனால் பஞ்சு.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு துறையும் மேடையேறும்போது அந்தத் துறைக்கென்று ஒரு பாட்டு ஒலிக்கும். எல்லாத் துறைகளும் முடிந்த பிறகு கடைசி வரிசை வரும். முந்தைய வருடங்களில் ஏதாவது ஒரு பேப்பரைக் கோட்டைவிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டே எழுதி எழுதி, இப்போதுதான் தேறியவர்கள். அவர்களுக்குப் பாட்டுக் கிடையாது. ஏன் கிடையாது என்று யாரும் கேட்டதில்லை. அவர்கள் நடக்கும் நேரத்தில் மண்டபத்தில் பாதிப் பேர் போட்டோ எடுக்க எழுந்திருப்பார்கள். நாற்காலி இழுபடும் சத்தம்தான் அவர்களுக்கு மேளம்.

இந்த வருடக் கடைசி வரிசையில் துருவியின் அண்ணனும் உண்டு. அப்பா இறந்த வருடம் புள்ளியியலைப் பாக்கி வைத்துவிட்டு, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கப் போனவன். ஆறு வருடம் தலைகீழாக நின்று அந்த ஒரு பேப்பரைத் தாண்டியிருந்தான். ஆனால் மேடைக்கு மட்டும் வரமாட்டானாம்.

"பட்டத்தைத் தபால்ல அனுப்புவாங்க, வாங்கிக்கறேன். நீ ஏறு. நான் கீழ உக்காந்து கை தட்டறேன்."

"ஏன் வரமாட்டே?"

"ஆரம்பிச்சுட்டியா?"

"எல்லாரும் பாட்டோட நடக்கறாங்க, கடைசி வரிசைக்கு மட்டும் இல்லைங்கறதாலயா?"

"அப்படியே வெச்சுக்கோ. எனக்குப் பொருந்தற மாதிரி ஒரு பாட்டு கொண்டு வா, வரேன்."

தப்பித்துக்கொள்ளச் சொன்ன பேச்சு அது. துருவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தான் படித்து முடித்ததே அவன் தேய்த்த லென்ஸால்தான் என்பது அவளுக்குத் தெரியும். அவனைக் கீழே உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் மேலே போய் நிற்க அவளால் ஆகாது.

அன்றிலிருந்து அவளுக்கும் பஞ்சுவுக்கும் கணினி அறையே வீடானது. பாட்டை மட்டும் கேட்டால் அவளுக்குப் போதவில்லை. படத்தில் அது எந்த இடத்தில் வருகிறது, அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்றெல்லாம் பார்த்தாள்.

"பஞ்சு, கவனிச்சியா? ஊக்கப் பாட்டு எல்லாமே ஹீரோ செமத்தியா அடி வாங்கின அடுத்த நிமிஷம்தான் வருது."

"முன்னாடியே வந்தா அவன் அடியே வாங்கமாட்டானே," என்றான் பஞ்சு, வாயில் பிஸ்கட்டோடு.

துறைகளுக்கான பாட்டுகள் ஒருவழியாக அமைந்தன. அண்ணனுக்கானதுதான் அமையவில்லை. தினமும் ஒன்றைக் கொண்டுபோய் அவன் காதில் ஒலிக்கவிட்டாள். ஒரு பாட்டு முடிவதற்குள் மூட்டை தூக்குகிறவன் கம்பெனி முதலாளியாகும் பாட்டுக்கு அவன் சிரித்தே விட்டான்.

"நாலு நிமிஷத்துல மாளிகை வாங்கிட்டான். எனக்கு ஒரு பேப்பருக்கே ஆறு வருஷம் ஆச்சு."

மலைமேல் ஓடிப் பயிற்சி எடுக்கும் வீரனின் பாட்டுக்கு, "காலைல இருந்து ஓடறானே, வேலைக்கு யாரு போறா?" என்றான். உலகமே உன்னைத் திரும்பிப் பார்க்கும் என்ற பாட்டைப் பாதியிலேயே நிறுத்தச் சொன்னான். "திரும்பிப் பாத்துடுவாங்களேன்னுதான் வரமாட்டேங்கறேன்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். துருவிக்கு அது சுருக்கென்று தைத்தது. கூடப் படித்தவர்கள் எல்லாம் எங்கெங்கோ போய்விட, தங்கையின் வகுப்போடு அங்கி போட்டுக்கொண்டு நிற்க அவனுக்குக் கூச்சம். கேள்வியையே தப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோமோ என்று அவளுக்குத் தோன்றியது.

"சரி, பொருந்தற பாட்டை விடு. இத்தனை வருஷம் படிச்சியே, அப்ப எந்தப் பாட்டு கேட்டே?"

"நான் எங்க கேட்டேன்? அது தானா காதுல விழுந்துது. ஏழு மணிக்காரிதான்."

ஏழு மணிக்காரி என்பது ஒரு தொடர். வீணை விம்மும், ஒரு பெண் கண்ணீரும் கம்பலையுமாகக் கதவைத் திறந்து வருவாள், விதியைப் பார்த்து ஏதோ கேட்பாள். ஆறு வருடமாக ஓடுகிறது. கதாநாயகி இரண்டு முறை செத்துப் பிழைத்துவிட்டாள், ஒரு முறை நடிகையே மாறிவிட்டாள். வீட்டில் இருந்ததோ ஒரே முன்னறை. அதில்தான் டிவி, அதில்தான் மேஜை. கடையிலிருந்து வந்து கை கழுவி, டிவிக்கு முதுகைக் காட்டி அண்ணன் உட்காரும் நேரமும் அந்தப் பாட்டு தொடங்கும் நேரமும் ஒன்று. துருவி அப்போது டியூஷன் எடுக்கப் போயிருப்பாள்.

"நிறுத்தச் சொல்லியிருக்கலாமே?"

"அம்மாவுக்கு இருக்கறது அந்த ஒரு பொழுதுபோக்கு. எப்படிச் சொல்றது? ரெண்டாவது மாசத்துலயே காது பழகிப்போச்சு."

துருவிக்குப் பாட்டுக் கிடைத்துவிட்டது. ஆனால் அழுமூஞ்சிப் பாட்டை ஊக்கப் பாட்டு என்று பேராசிரியையிடம் கொண்டுபோக வேண்டுமானால் கதையாவது தெரிய வேண்டும். யாரைக் கேட்பது? வீட்டிலேயே ஆறு வருட அனுபவம் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அந்த ஏழு மணிக்காரி எதுக்கு அழறா?"

"யாரு?"

"சீரியல்ல வர்றவ. அவ புருஷன் என்ன ஆனான்?"

"போயிட்டான்."

"எங்க?"

"எங்கயோ." அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "வேற வேலை இல்லையா உனக்கு?"

"அவ மாமியார் நல்லவளா, கெட்டவளா?"

அம்மா யோசித்தாள். ஆறு வருடம் பார்த்தவள் யோசிக்கிற யோசனை இல்லை அது. துருவி தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். இனி பதில் வராமல் எழுந்திருக்க மாட்டாள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

"எனக்கு அந்தக் கதையே தெரியாதுடி. யாரு அழறதையும் என்னால பாக்க முடியாது."

"அப்புறம் எதுக்கு தினம் போட்டே?"

"அப்பா போன புதுசுல உங்க அண்ணன் புத்தகத்தைத் திறப்பான், வீடு அமைதியா இருக்கும், சித்த நேரத்துல எழுந்து தெருவுக்குப் போயிடுவான். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து இதைப் போட்டாங்க. அன்னிக்கு அது முடியற வரைக்கும் அவன் எழுந்திருக்கல. இந்த வீட்டு அமைதிதான் அவனுக்கு ஆகலன்னு புரிஞ்சுது. மறுநாள்லேர்ந்து நானே போட்டேன்." ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அவன்கிட்ட சொல்லிடாதே. எனக்காகப் பொறுத்துக்கறோம்னு நினைச்சுட்டிருக்கான். அந்த நினைப்புலதான் உக்காந்தான்," என்றாள்.

துருவிக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. அவள் வாழ்க்கையில் அது முதல் முறை.

பேராசிரியை முதலில் முகத்தைச் சுளித்தார். "சீரியல் பாட்டா? மானம் போயிடும்மா." இவ்வளவு நாள் கடைசி வரிசைக்குப் பாட்டு ஏன் இல்லை என்று துருவி கேட்டாள். அவர் பட்டியலை இழுத்து அதையும் எழுதிக்கொண்டார். பிறகு, "அந்தப் பொண்ணு மறுபடியும் ஆஸ்பத்திரிலதான இருக்கா?" என்று அவரே மெல்லக் கேட்டார். பஞ்சு சிரிப்பை அடக்கக் கணினிக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

கொண்டாட்டத்தன்று துருவி தன் துறைப் பாட்டோடு மேடையேறிப் பட்டம் வாங்கினாள். சொன்னபடி கீழே அண்ணன் கை தட்டினான், கை சிவக்கத் தட்டினான். அவள் இறங்கி வந்து, அவன் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். துறைகள் முடிந்தன. வழக்கம்போல நாற்காலிகள் இழுபடத் தொடங்கின. அப்போது வீணை விம்மியது.

மண்டபம் ஒரு நொடி திகைத்து, பிறகு கொல்லென்று சிரித்தது. எழுந்து போன தாய்மார்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். சிலர் பழக்கதோஷத்தில் உட்கார்ந்தே விட்டார்கள். கடைசி வரிசை மேடைக்கு வந்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி, நரை விழுந்த ஒருவர். ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். அண்ணன் பெயரும் வந்தது.

அவன் அசையவில்லை. முகம் சிவந்திருந்தது. "உன் வேலைதானா?" என்றான் தங்கையிடம். பிறகு அம்மா பக்கம் குனிந்தான். "உனக்குப் பிடிச்ச பாட்டும்மா. கேளு."

துருவி வாயைத் திறந்து, அம்மா சொல்லாதே என்றது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டாள். மேடையில் இரண்டாம் முறையாக அவன் பெயரை வாசித்தார்கள்.

"எனக்கு இந்த அழுகையே ஆகாதுடா," என்றாள் அம்மா. "உன்னை உக்கார வைக்கத்தான் தினம் போட்டேன். இன்னிக்கு உன்னை எழுப்பறதுக்குப் போட்டிருக்காங்க. எழுந்திரு."

அண்ணன் அவளையே பார்த்தான். துருவி தன் அங்கியைக் கழற்றி அவன் தோளில் போட்டாள். அது அவனுக்கு முழங்காலோடு நின்றது. அவன் எழுந்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்; அவன் அதைப் பார்க்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து நடந்தான்.

தொடரின் பாட்டு எவ்வளவு நீளம் இருக்கும்? அவன் பாதி வழியில் இருக்கும்போதே முடிந்துவிட்டது. மண்டபம் அமைதியானது. அவன் கால் தயங்கி நின்றது.

அம்மா துருவியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாட்டுப் போடற அந்தப் பையனை மறுபடியும் போடச் சொல்லுடி. என் பிள்ளை போய்ச் சேர்ற வரைக்கும் பாடட்டும்."