வேறெதற்கும் ஆகாத பேட்டரி

செத்த பேட்டரியை வெயிலில் காய வைத்தால் உயிர் வந்துவிடும் என்று முத்துராணிக்கு யார் சொன்னார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். கொத்தவரங்காய் வற்றல் காயும் சொளவின் ஓரத்தில் எப்போதும் ஒன்றிரண்டு பேட்டரியும் சேர்ந்து காயும். அவள் புருஷன் கொம்பையா இத்தனை வருடமும் அதைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

செவ்வாய்க்கிழமைதான் அந்தச் சிரிப்பு நின்றது. முத்துராணிக்குப் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க, விடியுமுன் வாய்க்கால் கரையில் அரை மைல் நடக்க வேண்டும். விடுதிச் சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி டார்ச்தான் துணை. அன்றைக்குப் பாதி வழியில் அது அணைந்துவிட்டது. அதே பஸ்ஸுக்காகப் பின்னால் வந்த பக்கத்து வீட்டு அன்னத்தாய் தன் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தால், முத்துராணியின் காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கண்ணாடி விரியன் சுருண்டு கிடக்கிறது. வீட்டில் வந்து சொன்னவளும் அன்னத்தாய்தான். முத்துராணி மூச்சுக்கூட விடவில்லை.

கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. டார்ச்சைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே இருந்தது டிவி ரிமோட்டின் பழைய பேட்டரி, சொளவில் காய்ந்து எழுந்தது. டார்ச்சுக்கென்று அவன் வாங்கிப் போட்ட புதுசு, ரிமோட்டுக்குள் சுகமாகப் படுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கபடி பார்க்கையில் ரிமோட் வேலை செய்யவில்லை என்று குதித்தது யார்? இவனேதான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிப் போட்டிருக்கிறாள். ‘அட பாவி, கபடிக்காகப் பெண்டாட்டியைப் பாம்புக்குக் கொடுக்கப் பார்த்தியே’ என்று தன்னையே வைதுகொண்டான்.

மறுநாள் பட்டறை வேலை முடிந்ததும் பேட்டையில் சதாமின் எலெக்ட்ரிக் கடைக்குப் போனான். சாவிக்கொத்தில் மாட்டுகிற டார்ச்சில் மூன்று வகையைச் சதாம் எடுத்துப் போட்டான்.

“இதத்தான் எல்லாரும் வாங்குதாவ அண்ணாச்சி. பேட்டரியே மாத்தாண்டாம், சார்ஜ் போட்டா போதும்.”

கொம்பையா யோசித்தான். வீட்டில் இருப்பது ஒரே சார்ஜர். மகள் கலைச்செல்வியின் போனுக்கு என்றால் முத்துராணி தன் டார்ச்சைப் பிடுங்கிப் போட்டுவிடுவாள். டார்ச் இருந்த தன் போனையே, காலேஜுக்குப் போகிற பிள்ளை என்று தூக்கிக் கொடுத்தவள்தானே.

“இது வேண்டாம் தம்பி.”

“அப்ப இத பாருங்க, ரிமோட் பேட்டரி போடுதது. எந்தப் பெட்டிக்கடையிலயும் கெடைக்கும்.”

“அதான்வே வினையே! ரிமோட்டுக்கு ஆகுதது எதுவும் அவ டார்ச்சுல நிக்காது.”

சதாம் மூன்றாவதைக் கையில் எடுக்கவே யோசித்தான். நாணயம் போலத் தட்டையான பட்டன் செல் போடுகிற ரகம். “இது வெல கூட. எல்லாக் கடையிலயும் கெடைக்காது. வீட்டுல வேற ஒண்ணுக்கும் ஆகவும் ஆகாது, அண்ணாச்சி.”

“வேற ஒண்ணுக்கும் ஆகாதா? நெசமாவா?”

“ஆமா. வீட்டுல சின்னப் பிள்ளைய உண்டா? முழுங்கிட்டா ஆபத்து.”

“காலேஜ் போற கழுததான் இருக்கு. இதையே குடு. கூட ரெண்டு செல்லும் குடு.”

குறை சொன்னால் வாங்குகிற மனுசனைச் சதாம் அன்றுதான் பார்த்தான்.

சாயங்காலம் முத்துராணி கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கொம்பையா டார்ச்சையும் இரண்டு செல்லையும் அவள் மடியில் வைத்தான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தப் பேட்டரி ரிமோட்டுக்கு ஆகுமா?”

“ஆகாது.”

“செவுத்துக் கடியாரத்துக்கு?”

“ம்ஹும்.”

“பிள்ளைக்க கால்குலேட்டருக்காவது?”

“ஒண்ணுக்கும் ஆகாதுட்டி.”

“ஒங்களுக்கென்ன கோட்டி புடிச்சிருக்கா? வீட்டுல ஒருத்தருக்கும் ஆகாதத எதுக்கு வாங்கிட்டு வந்திய?”

“ஒனக்கு ஆகும்லா? நீ வேணாம் வேணாம்னு எல்லாத்தையும் எங்களுக்கே குடுத்துட்டு, இருட்டுல போற. நான் மனுசனா இருந்தா முன்னமே பாத்திருக்கணும். ஒனக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் என்னட்டி செய்வேன்?”

வெங்காயம் உரித்தும் அவள் கண்ணில் அதுவரை தண்ணீர் வரவில்லை. இப்போது வந்தது.

“அப்ப இது எனக்கு மட்டுமா?”

“ஒனக்கு மட்டுந்தான்.”

அவள் ஒருமுறை அமுக்கினாள். வெளிச்சம் சுவரில் பளீரென்று விழுந்தது. செல் தீர்ந்துவிடுமே என்று உடனே அணைத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு முறையும் அமுக்கினாள். மிச்சமிருந்த இரண்டு செல்லையும் எடுத்துக்கொண்டு எழுந்துபோய், தன் டிரங்குப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

சத்தம் கேட்டுக் கலைச்செல்வி எட்டிப் பார்த்தாள். “ஏம்மா, என்னத்த ஒளிச்சு வைக்க? எனக்கா?”

“நீ போட்டி அங்கன,” என்றாள் முத்துராணி. “இது ஒனக்கு ஆகாது.”