செக்போஸ்டில் யார் உட்காருவது

ஜிஜாவும் அவள் புருஷன் அஜேஷும் மூன்று மாதமாகத் தரையில்தான் படுக்கிறார்கள். கட்டில் முழுக்கப் புத்தகம். எல்லையோரத்து அமரவிளையில் அந்தச் சின்ன வீட்டில் ஈரம் ஏறாமல் அத்தனையும் அடங்குகிற இடம் அந்தக் கட்டில் ஒன்றுதான், வேறு என்ன செய்ய?

வாசிக்கிற புத்தகம் இல்லை, விளையாடுகிற புத்தகம். மூன்று நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்த வேண்டும். ஜிஜா எழுதியது பழைய காலத்து அரிசிக் கடத்தல். ஒருவர் செக்போஸ்ட் ஆபீசர், மற்றவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அரிசி கொண்டுவருகிறவர்கள். நெட்டில் முன்கூட்டியே வாங்கியவர்கள் நூறு பேர். அதோடு நிறுத்தியிருக்கலாம். நூறு அடித்தாலும் அறுநூறு அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான் என்று அச்சகக்காரர் சொன்னார். இவளும் மண்டையை ஆட்டிவிட்டாள். மிச்சம் ஐந்நூறும் கட்டிலில் ஏறிவிட்டது. ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கினால் கட்டிலிலும் ஈரம் ஏறி அத்தனையும் பூஞ்சை பூத்துப்போகும்.

அப்போதுதான் பினு வந்தார். கொச்சிக்காரர், இந்த மாதிரி விளையாட்டுகளைக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். நானூறு எடுத்துக்கொள்கிறேன் என்றார், ஆனால் ஒரு நிபந்தனை. கடையில் புத்தகத்தோடு எழுதியவள் நிற்கப்போவதில்லை. ஆகவே இதுவரை புத்தகத்தைத் தொடாத மூன்று பேர் தாங்களே வாசித்து விளையாட வேண்டும். ஜிஜா பக்கத்தில் இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. உறக்கத்திலும் பேசுகிற பெண்ணுக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்று அஜேஷுக்குத்தான் தெரியும்.

தனுவச்சபுரம் காலேஜ் பிள்ளைகளை வைத்துத்தான் அவள் எப்போதும் விளையாடிப் பார்ப்பாள். அவர்களுக்குப் புத்தகம் மனப்பாடம், ஆகாது. அதனால் அக்கம்பக்கத்திலேயே ஆள் பிடித்தாள். தையல்கடை ரேஷ்மி, பஸ் கண்டக்டராயிருந்து ஓய்வுபெற்ற மணியன், எதிர்வீட்டுப் பங்கஜாட்சி. சத்தமாக வாசித்தவள் ரேஷ்மி என்பதால் அவளே ஆபீசர் ஆனாள்.

பங்கஜாட்சி முதலில் அரிசி மூட்டையோடு வந்து நிற்பதாகச் சொன்னாள்.

"கொச்சுப்பிள்ளைக்குக் கஞ்சிக்கு உள்ளதாக்கும்" என்றாள், வீட்டில் சின்னக் குழந்தை பசித்துக் கிடக்கிற மாதிரி.

ரேஷ்மி பகடையைத் தொடக்கூட இல்லை. "நீங்க போங்க அக்கா, வெயிலு ஏறுது."

அடுத்து மணியன் சைக்கிளில் மூன்று சாக்கோடு வருவதாகச் சொன்னார். அவர் வீட்டம்மாவின் முட்டுவலி எப்படியிருக்கிறது என்று விசாரித்து அவரையும் அனுப்பினாள். பத்தே நிமிஷத்தில் ஊர் அரிசி முழுக்க எல்லை தாண்டிவிட்டது. ஆட்டம் முடிந்தது. பினு நோட்டை மூடினார். மேசைக்கடியில் ஜிஜா தன் தொடையைக் கிள்ளுவதாக நினைத்து அஜேஷின் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

ஏன் ஒருவரையும் பிடிக்கவில்லை என்று பினு கேட்டார்.

"நாளைக்கும் இவங்க மொகத்துல முழிக்க வேண்டாமா சாரே?" என்றாள் ரேஷ்மி.

ஜிஜாவுக்கு அழுகை முட்டியது. காலேஜ் பிள்ளைகள் திசைக்கொன்றாக வந்தவர்கள், ஒருவரையொருவர் பிடித்துக் கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை. அக்கம்பக்கத்து ஆளை ஆபீசராக்கினால் ஆட்டமே நடக்காது என்பது, இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தோன்றவே இல்லை. நல்ல பதிப்பாளர்தான் போ!

பங்கஜாட்சிதான் பேச்சை விடாமல் பிடித்துக்கொண்டாள். பதினாறு வயதில் உண்மையாகவே இடுப்பில் அரிசி கட்டி எல்லை கடந்தவள் அவள்.

"அன்னைக்கும் ஆபீசர் நம்ம ஊருக்காரன் இல்ல மக்களே. வடக்கேயிருந்து வந்தவனாக்கும். இந்த சாரு இருந்து பாக்கட்டும்."

பினு கொஞ்சம் தயங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சாக்கில் எந்தா?" என்று கேட்டதுதான் தாமதம், மணியனின் முகமே மாறிவிட்டது. ரேஷ்மி சட்டென்று கடத்தல்காரி ஆனாள். பங்கஜாட்சி முந்தானையைச் செருகினாள்.

அப்புறம் இரண்டு மணி நேரம் சாயா ஆறிக் கிடந்தது. பகடை கட்டிலுக்கடியில் ஓடியபோது பினுவே முட்டிபோட்டு எடுத்தார். மணியனைப் பிடித்துவிட்டேன் என்று துள்ளிச் சாக்கைப் பிரித்தால் தேங்காய்த் தொண்டு, வெறும் மட்டை. அந்த நேரத்தில் நிறைமாதக்காரியாக வந்த பங்கஜாட்சிக்கு வழிவிடச் சொல்லிக் கூட்டத்தை விலக்கியவரும் அவரேதான். அவள் அரிசியோடு அக்கரை சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தலையில் கைவைத்துச் சிரித்தார்.

நானூறும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் ஒவ்வொரு பிரதியிலும் ஒரு துண்டுச்சீட்டு வைக்க வேண்டும் என்றார். கூட்டத்தில் யாருக்கும் அதிகம் தெரியாத ஆள் எவரோ அவரே ஆபீசர் என்று அதில் இருக்க வேண்டும். இனிப் பேசலாம் என்று ஜிஜாவுக்கு அனுமதியும் கொடுத்தார். அவள் அதற்குள் சீட்டை எழுத உட்கார்ந்துவிட்டாள்.

சீட்டை ரேஷ்மி கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்து, எல்லாரும் உட்கார்ந்து புத்தகத்துக்குள் செருகினார்கள். அஜேஷ் கட்டுக்கட்டாகப் பினுவின் வேனில் ஏற்றினான். வண்டி கிளம்பும்போது பங்கஜாட்சி நடுவழியில் நின்று கையைக் காட்டினாள்.

"வண்டிக்குள்ள என்ன உண்டு?"

பினு தலையை வெளியே நீட்டினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"கொச்சுப்பிள்ளைக்குக் கஞ்சிக்கு உள்ளதாக்கும்."

"போ மக்களே" என்று அவள் ஒதுங்கினாள்.

மிச்சம் நூறு மேசைமேல் அடங்கிவிட்டது. ஜிஜா உள்ளே போய், பட்டப்பகலில், வெறுங்கட்டிலில் கையையும் காலையும் நீட்டிப் படுத்தாள். அஜேஷைப் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு மணி நேரமாக அடக்கிவைத்திருந்ததையெல்லாம் முதலிலிருந்து பேசத் தொடங்கினாள்.