நீலச் சாரம் கட்டிய ஆண் நபர்

டூங்கபி என்ற புறநகரில் ஜெயரட்ணத்தின் பின்வேலிக்கு அப்பால் நாலு மாடியில் ஒரு டேட்டா சென்டர் வரப்போவதாகக் கடிதம் வந்த அன்று வீட்டில் யாரும் பதறவில்லை. காரணம் அவருடைய மனைவி தாட்சாயினி. பின்னறையில் அடுத்தவர்களின் நாலு சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது அவளுடைய தொழில். அதற்கான லைசென்ஸ், முதலுதவிச் சான்றிதழ், திராட்சைப் பழத்தை எப்படி வெட்டிக் கொடுக்கலாம் என்பதுவரை சொல்லும் விதிமுறைப் புத்தகம் எல்லாம் வைத்திருந்தாள். பத்து வருடமாகச் சட்டத்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அதன்மேல் ஒரு நம்பிக்கை.

"இஞ்ச ஒண்டும் சும்மா கட்டேலாதப்பா," என்றாள். "சுற்றுச்சூழல் அறிக்கை எண்டு ஒண்டு எழுதவேணும். சத்தம், புகை, தவளை எல்லாம் அளந்து, அயலில ஆர் இருக்கினம் எண்டு பாத்து, எங்களிட்டையும் கேட்டுத்தான் மாநில அரசாங்கம் விடும். இருபத்தெட்டு நாள் தந்திருக்கினம். வாசிச்சுப் பாத்து எழுதுவம்."

வாசிப்பதில் ஜெயரட்ணத்துக்கு ஆட்சேபம் இல்லை. எழுதுவதில்தான்.

அவருக்கு அறுபத்தொரு வயது. பாண் என்கிற ரொட்டி சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. இத்தனை காலத்தில், வேறு வழியில்லாத இடங்களைத் தவிர, தம் பெயரை அவர் எங்கும் கொடுத்ததில்லை. மின்சாரக் கணக்கு மனைவி பெயரில். தபால் பெட்டியில் இலக்கம் மட்டும். காப்பிக் கடையில் பெயர் கேட்டால் 'பீட்டர்' என்பார். பிறகு பீட்டர், பீட்டர் என்று கூவுவார்கள், யாரோ பீட்டர் என்று நினைத்து இருந்துவிடுவார், காப்பி ஆறிப்போகும். குடித்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை அவர் தூங்கும்போது தாட்சாயினி நிரப்பி அனுப்பிவிடுவாள். எழும்பியதும், "நிரப்பினியோ?" என்று கேட்பார். "இல்லை," என்பாள். நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் மகள் சயந்தினி சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மூன்றாம் வருடம் படிக்கிறாள். அறிக்கை இரண்டாயிரத்து நூற்று நாற்பது பக்கம். அட்டையில் ஒரு பறவை. அந்தப் பறவை அந்த நிலத்தில் இல்லை என்று நிரூபிக்கவே முந்நூறு பக்கம் ஆகியிருந்தது.

சத்த வரைபடம் ஒன்று இருந்தது. சுற்றியுள்ள வீடுகளை 'உணர்திறன் உள்ள பெறுநர்' என்று குறித்திருந்தார்கள். அதாவது, சத்தம் கேட்டால் வருத்தப்படக்கூடியவர்கள். ஆர்-1 முதல் ஆர்-23 வரை, ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. தேவாலயம் ஆர்-4. நூற்றைம்பது மீட்டர் தள்ளி இருக்கும் மலேசியாக்காரர் மோகனதாஸ் ஆர்-16.

"அப்பா, எங்கட வீடு கிரே கலர்ல இருக்கு."

"நல்ல கலர்தானே."

"கீழ போட்டிருக்கு அப்பா, கிரே எண்டா ஆக்கள் இல்லாத கட்டடம் எண்டு."

குசினியிலிருந்து தாட்சாயினி அகப்பையோடு வந்தாள். வந்தவள் திரையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "இதென்ன விசர்க்கதை? நாங்கள் இல்லாமல் ஆர் இஞ்ச பருப்புக் கடையிறது?"

சயந்தினி பின்னிணைப்புகளைத் தேடினாள். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் களக்குறிப்பு கிடைத்தது. வாசிக்க வாசிக்க அவளுடைய குரல் மெலிந்துகொண்டே போனது.

'மார்ச் 14, காலை 10.40. வாசலில் சுமார் அறுபது வயதுடைய ஆண் நபர். நீலக் கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றியிருந்தார். வாயில் பல் துலக்கும் பிரஷ். இங்கே எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று கேட்டதற்கு, எவரும் வசிக்கவில்லை என்றார். தாம் புல் வெட்ட வந்தவர் என்றார். பின்புறமிருந்து பல சிறுவர்களின் குரல் கேட்டது. அது தொலைக்காட்சி என்றார்.'

நாலு கண்களும் மெதுவாகக் கீழே இறங்கி, ஜெயரட்ணத்தின் இடுப்பில் போய் நின்றன. நீலச் சாரம். கட்டம் போட்டது.

"புல்லு வெட்ட வந்தவர் என்னத்துக்கு அப்பா பல்லுத் தீட்டிக்கொண்டு நிண்டவர்?" என்றாள் சயந்தினி.

"டிவியோ?" தாட்சாயினிக்கு மூச்சு வாங்கியது. "அண்டைக்கு முழுக்க ஹரிப்பிரியாக் குஞ்சு அழுதது, பல்லு முளைக்கிற நோவில. அந்தப் பிள்ளை உங்களுக்கு டிவியோ?"

ஜெயரட்ணம் தட்டில் இருந்த கத்தரிக்காயை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "மஞ்சள் கோட்டு. கையில அட்டை, பேனை," என்றார். "எத்தினை பேர் எண்டு கேட்டவன்."

இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும் என்பதுபோல இருந்தது அவர் சொன்ன விதம். தாட்சாயினிக்கு வேண்டியிருக்கவில்லை. அகப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு காலையில், பச்சை உடுப்புக்காரர்கள் அட்டையும் பேனையுமாக வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஜெயரட்ணத்தின் அம்மா உண்மையைச் சொன்னார்: ஐந்து. பெயர்களையும் சொன்னார். ஒன்பதாம் நாள் அதே தாளோடு வந்து நாலாவது பெயரைக் கூப்பிட்டார்கள். அது தம்பி அருந்தவன். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் பம்பை அப்படியே வைத்துவிட்டுப் போனான். அந்தத் தாளில் அந்த வீட்டில் ஐந்து பேர் என்றுதான் கடைசிவரை இருந்தது.

சயந்தினிக்குச் சித்தப்பாவின் படம் தெரியும். தாளைப் பற்றித் தெரியாது. அவள் எதையாவது செய்யவேண்டும் என்பதற்காக அடுத்த பக்கத்துக்குப் போனாள். போயிருக்கக் கூடாது.

'மேற்குப் பக்கத்தில் பெறுநர் எவரும் இல்லாததால், அறுபத்துநாலு டீசல் ஜெனரேட்டர்களும் அவற்றின் புகைபோக்கிகளும் மேற்கு வேலியோரமாக அமைக்கப்படும்.'

மேற்கு வேலி என்பது ஜெயரட்ணத்தின் பின்வேலி. படுக்கை போட்டுப் பிள்ளைகளை நித்திரையாக்கும் அறையிலிருந்து முப்பத்தொரு மீட்டர். மின்சாரம் நின்றால் அவை ஓடும். நிற்காவிட்டாலும் மாதாமாதம் சோதனைக்கு ஓடும். வாயில் நுரையோடு அவர் சொன்ன ஒரு வசனத்தை நம்பி, அறுபத்துநாலு யந்திரங்களும் வகுப்பறைப் பிள்ளைகள்போல வரிசையில் நின்றன.

திங்கட்கிழமை தாட்சாயினியின் மேற்பார்வையாளர் தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னார்: அந்தப் புகை வேலி தாண்டினால் லைசென்ஸ் இல்லை.

விஷயம் தெருவுக்குப் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. மோகனதாஸ் வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். "அண்ணே! உங்க வீட்ல யாருமே இல்லையாமே? அப்ப யாரு டெய்லி வந்து எங்க கறிவேப்பிலையப் பறிச்சிட்டுப் போறது, பேயா?"

"நான் இல்லை," என்றார் ஜெயரட்ணம், பழக்கத்தில்.

தாட்சாயினி லைசென்சை இணைத்து ஓர் ஆட்சேபம் அனுப்பினாள். ஆனால் முதலில் பொய் சொன்ன ஆளே வந்து திருத்தினால்தான் எடுபடும் என்றாள் சயந்தினி. ஜெயரட்ணம் மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் தானே இணையப் படிவத்தின் முன் உட்கார்ந்து, 'நான் இங்குதான் வசிக்கிறேன், அன்று சொன்னது பிழை' என்று எழுதி அனுப்பிவிட்டு, பல வருடங்களில் முதன்முறையாகச் சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். வீடே ஆச்சரியப்பட்டது.

இரண்டு மாதத்தில் கம்பனியின் பதில் வெளியானது. வீடு மறுபடி ஆச்சரியப்பட்டது.

'தாட்சாயினி என்பவர் இந்த முகவரியில் குழந்தைப் பராமரிப்பு நடத்துவதாகக் கூறுகிறார். நாம் நேரில் சென்றபோது அங்கே குழந்தைகள் இருக்கவில்லை. தொலைக்காட்சி மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. மேலும், பெயர் வெளியிட விரும்பாத ஒருவர், முகவரி வெளியிட விரும்பாத ஓரிடத்தில் தாம் வசிப்பதாகத் தெரிவித்துள்ளார். கருத்தில் கொள்ளப்பட்டது.'

"அப்பா," என்றாள் சயந்தினி, மிகவும் பொறுமையாக. "பேரை மறைக்கிற பெட்டியில டிக் பண்ணினீங்களோ?"

"இருந்தது. பண்ணினன்."

"முகவரியை?"

"அதுக்கும் வசதி இருந்தது."

தாட்சாயினி பின்னறைக்குப் போய், பிள்ளைகளின் சின்னப் படுக்கைகளை ஒவ்வொன்றாக மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். அன்று புதன்கிழமை. வியாழன் அவை வேண்டும். அது அவளுக்கும் தெரியும்.

"என்ன செய்யிறாய் தாட்சா?"

"ஆக்கள் இல்லாத வீட்டில படுக்கை என்னத்துக்கு?"

ஆட்சேபங்கள் ஐம்பதைத் தாண்டியிருந்தபடியால், சட்டப்படி விஷயம் சுயாதீன ஆணைக்குழு ஒன்றிடம் போனது. பெப்ரவரியில், பௌலிங் கிளப் மண்டபத்தில் பகிரங்க விசாரணை. பேச விரும்புபவர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம். பேசுவது அப்படியே நேரலையாகப் போகும், எழுத்தில் இணையத்திலும் ஏறும். எவ்வளவு காலத்துக்கு என்று ஜெயரட்ணம் கேட்டார். எப்போதைக்கும் என்றாள் சயந்தினி. பத்தொன்பதாம் இலக்கத்தில் அவருடைய பெயரைப் பதிந்தவளும் அவள்தான்; இந்த முறை அவரைக் கேட்கவில்லை.

இரவு வேலை முடித்து, நித்திரையில்லாமல், காற்சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு, ஒரு சுப்பர்மாக்கெட் பையோடு வந்தார். மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரின் கழுத்திலும் அட்டை. மூன்று பேரின் கையிலும் பேனை. இரண்டாம் வரிசையில் அந்த மஞ்சள் கோட்டு இளைஞன், இப்போது நீலச் சூட்டில். ஜெயரட்ணத்தைக் கண்டதும் பல் துலக்கும் பிரஷ் இல்லாமல் அடையாளம் பிடிக்கக் கொஞ்சம் சிரமப்பட்டான். பிடித்ததும் வெளிறிப்போனான்.

"பதிவுக்காக உங்கள் பெயரும் முகவரியும்," என்றார் நடுவில் இருந்த பெண்மணி.

ஒலிவாங்கி அவருடைய மூச்சை மண்டபம் முழுக்க விநியோகித்தது. முன்வரிசையில் தாட்சாயினி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். பீட்டர் என்ற பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"ஜெயரட்ணம்," என்றார். தெருவைச் சொன்னார். இலக்கத்தைச் சொன்னார். பிறகு பைக்குள் கையை விட்டு அந்தச் சாரத்தை எடுத்து, நீதிமன்றத்தில் கத்தியைக் காட்டுவதுபோல உயர்த்திக் காட்டினார். "அறிக்கையில் இருக்கும் ஆண் நபர் நான்தான். புல் வெட்ட வரவில்லை. என் வீடு. அது டிவியும் இல்லை."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். பெண்மணி சிரிக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பேனையை எடுத்தார்.

"அந்த வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறீர்கள்?"

அதே கேள்வி. தாளும் அதே மாதிரி. ஐந்து நிமிடக் கடிகாரத்தில் நாற்பது வினாடி சும்மா ஓடியது.

"மூன்று," என்றார். "கிழமை நாட்களில் பகலில் இன்னும் நாலு பிள்ளைகள். ஏழு."

பெண்மணி எழுதினார். எழுதும் சத்தம் ஜெயரட்ணத்துக்குக் கேட்டது. உடனே திரும்பிப் பார்த்து எண்ணினார். தாட்சாயினி இருந்தாள். சயந்தினி இருந்தாள். வாசற்கதவடியில் யாரும் வந்து நிற்கவில்லை.

"நன்றி. அடுத்து இருபதாம் இலக்கம்."

ஜெயரட்ணம் நகரவில்லை. "அவ்வளவுதானா?" என்றார்.

"இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

"இல்லை. எழுதிவிட்டு... அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், ஐயா."

அன்றைய அதிர்ச்சிகளில் அதுதான் பெரிது. கார் தரிப்பிடம்வரை மனைவியும் மகளும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. டேட்டா சென்டருக்கு அனுமதி. இவ்வளவு அளந்து, இவ்வளவு கேட்டு, இவ்வளவு எழுதினால் அந்தப் பூதம் வராது என்றுதான் தாட்சாயினி நினைத்திருந்தாள். வரலாமா என்று சட்டம் யாரையும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் பார்த்து மூச்சு விடவேண்டும் என்பதை மட்டும் கேட்டிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு நிபந்தனைகள். முப்பத்தேழாவது: அறுபத்துநாலு ஜெனரேட்டர்களும் மேற்கு வேலியை விட்டு, கிழக்கே பெருந்தெருப் பக்கம் மாற்றப்படவேண்டும். புதிய பெறுநர், ஆர்-24, வரைபடத்தில் சேர்க்கப்படவேண்டும்.

படுக்கைகள் அலுமாரியை விட்டு வெளியே வந்தன. லைசென்ஸ் சுவரிலேயே இருந்தது.

மே மாதத்தில் ஒரு காலை, வேலி ஓரத்தில் சத்தம் அளக்கும் கருவியைப் பூட்ட அதே இளைஞன் வந்தான். ஜெயரட்ணம் சாரத்தோடு, வாயில் பிரஷ்ஷோடு வாசலைத் திறந்தார். அவன் புத்தி படித்திருந்தான்; ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வரலாமா என்று மட்டும் கேட்டான்.

"மூன்று பேர்," என்றார் ஜெயரட்ணம். "பகலில் ஏழு. எழுதும்."

"அது ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது, சார்."

"எழுதும்."

வழி விடாமல் நின்றார். அவன் அட்டையை எடுத்து எழுதினான். எட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பின்னாலிருந்து ஹரிப்பிரியா வீறிட்டு அழும் சத்தம் தெரு முனைவரை போயிற்று. இளைஞன் பேனையைப் பிடித்தபடியே அவரைப் பார்த்தான்.

"டிவியும் ஒன்று இருக்கிறது," என்றார் ஜெயரட்ணம். "அதையும் போடும்."