பெர்பெத்தாவின் பதிவு பெற்ற சிரிப்பு

எங்கள் ஊரில் சிரிப்பவர்களின் உதட்டோரம், வலது மேல் மூலையில், ஒரு சிறிய குறி தெரியும். டிஎம் என்றிருந்தால், அந்தச் சிரிப்பு தன்னுடையது என்று அவர் சொல்லிக்கொள்கிறார். வட்டத்துக்குள் ஆர் இருந்தால், பதிவகமும் ஒப்புக்கொண்டுவிட்டது. வட்டத்துக்குள் சி அழுகைக்கு உரியது. அதற்கு விண்ணப்பம் வேண்டாம். அழுத கணமே உரிமை வந்துவிடும். அழுதவர் இறந்து அறுபது ஆண்டு வரை வேறொருவர் அதேபோல் அழ முடியாது.

தங்கபுஷ்பத்தின் மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். சம்பந்திகள் முன் வெறும் டிஎம்மோடு சிரித்தால் மரியாதையாக இருக்காது என்று அவள் தன் சிரிப்பைப் பதிவுக்குக் கொடுத்திருந்தாள். அரசிதழில் அது வெளியானது. ஆட்சேபம் தெரிவிக்க நான்கு மாதக் கெடு. கடைசி நாளில் மீன் விற்கும் பெர்பெத்தா வந்து, அது தன்னுடைய சிரிப்பு என்று எழுதிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. செய்தி எழுத நான் போயிருந்தேன்.

"ஏட்டி, ஏலக்கூடத்துல பதினெட்டு வருசமா நான் இப்படித்தான் சிரிக்கேன்" என்றாள் பெர்பெத்தா.

"மீனைப் பாத்துச் சிரிக்கதும் மனுசரப் பாத்துச் சிரிக்கதும் ஒண்ணாக்கா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"மீனாவது திருப்பிச் சிரிக்கும். ஒம் புருசன் சிரிப்பாரா?"

சாதாரண மனிதர் ஒருவர் குழம்புகிறாரா என்பதுதான் சட்டப்படி சோதனை. சாதாரண மனிதராகத் தங்கபுஷ்பத்தின் கணவர் மகராசனைத் தேர்ந்தார்கள். யாரும் மறுக்கவில்லை. திரைக்குப் பின்னால் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. மகராசன் எழுந்து, "இந்தா வந்துட்டேன்" என்று திரையை நோக்கி நடந்தார். அங்கே நின்றது பெர்பெத்தா.

"முப்பது வருசம் சோறு போட்டேனே!" என்றாள் தங்கபுஷ்பம்.

"பசிக்கிற நேரம் புள்ள" என்றார் மகராசன்.

வியாபாரத்தில் முதலில் பயன்படுத்தியவருக்கே உரிமை, வீட்டில் சிரித்தது கணக்கில் வராது என்று அதிகாரி எழுதினார். பெர்பெத்தாவுக்கு வட்டமிட்ட ஆர் கிடைத்தது. தங்கபுஷ்பத்தின் டிஎம்மை உரித்து உறையில் போட்டு, கையெழுத்து வாங்கினார்கள். மகள் கல்யாணத்தில் இனி அவள் சிரிக்க முடியாது.

படியிறங்கும்போது பெர்பெத்தா அவள் தோளைத் தொட்டாள். "மூஞ்சத் தூக்கி வைக்காத. நான் கல்யாணத்துக்கு வாரேன். நீ சிரிக்க வேண்டிய இடத்துல ஒரு இடி இடி. நான் சிரிச்சிருதேன்."

உரிமையாளர் நேரில் வந்து சிரிப்பதற்குத் தடையில்லை என்று அதிகாரியும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை இருவரும் முன்வரிசையில் ஒட்டி உட்கார்ந்தார்கள். தங்கபுஷ்பம் பதினோரு முறை முழங்கையால் இடித்தாள். பதினோரு முறையும் மண்டபம் சிரிப்பால் நிறைந்தது. பெண்ணின் தாய் மாதிரி கலகலப்பானவளைப் பார்த்ததே இல்லை என்று சம்பந்திகள் சொல்லிக்கொண்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பா சீர்வரிசைப் பட்டியலோடு வந்தார்.

"பொண்ணு வீட்டுச் சிரிப்பு எங்க? ஏத்தலியா?"

பெர்பெத்தா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சீர் ஏற்றிய வேனில் ஏறினாள். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே இடம் விட்டிருந்தார்கள். மகராசன் எல்லாவற்றையும் சேர்த்துக் கயிற்றால் கட்டிவிட்டு, "இறுக்குதா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தளத்துங்க" என்றாள் பெர்பெத்தா. தளர்த்தினார். வேன் கிளம்பியது.