ஜெபம் ஏறிய குறடு

பல் டாக்டர் ஜெபம் பண்ணாமல் யார் வாயிலும் கை வைக்க மாட்டார். அதற்காகவே இரண்டு பஸ் மாறி வருகிற கூட்டம் உண்டு. நோயாளியின் தலையில் டாக்டர் கை வைப்பார், எல்லாரும் கண்ணை மூடுவார்கள், முடிவில் நர்ஸ் உரக்க ஆமென் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அவர் கை பல் பிடுங்கும் குறட்டுக்கு நீளும். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பது அந்த அறையில் நர்ஸ் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கருவிகளை ஆவியில் சுத்தம் செய்யும் பெட்டி எப்போதோ கெட்டுவிட்டது. டாக்டர் அதன் மேல் பூப்போட்ட துணியை விரித்து, பைபிள் வசனம் எழுதிய சட்டம் ஒன்றை நிறுத்தினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கருவிகளைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கி வரட்டுமா என்று நர்ஸ் கேட்டாள்.

“நம்ம குறையை ஊருக்கெல்லாம் சொல்லணுமாம்மா? ஸ்பிரிட் தொட்டுத் தொடைச்சா போதும். விசுவாசம் வேணும்.”

நர்ஸ் இதை வீட்டில் மாமியாரிடம் சொன்னாள். டாக்டரின் பின்னாலேயே அலைந்து இந்த வேலையை வாங்கித் தந்தவள் மாமியார்தான். அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. “கர்த்தரோட ஊழியக்காரர் கையால சோறு திங்கிற. பொத்திக்கிட்டு இரு,” என்றாள். நர்ஸும் பொத்திக்கொண்டு இருந்தாள். ஆனால் ஒவ்வொரு ஆமெனும் அடுத்தவர் எச்சிலை விழுங்குவது போல இறங்கியது.

அன்று முதலில் வந்த கிழவருக்குத் தாடை வீங்கி, வாயைத் திறந்ததுமே அறை நாறியது. பல்லைப் பிடுங்கியபோது சீழும் இரத்தமும் குறட்டின் பிடியில் வழிந்தன. டாக்டர் குறட்டை ஒரு பஞ்சால் ஒப்புக்குத் துடைத்துத் தட்டில் போட்டார். குறட்டின் பற்களுக்கிடையில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

“அடுத்த ஆளை வரச் சொல்லும்மா.”

அடுத்த ஆள் ஒரு லாரி டிரைவர். மலை மாதிரி உடம்பு, ஊசி என்றதும் குழந்தை முகம். டாக்டர் அவர் பின்னால் நின்று தலையில் கை வைத்தார். கிழவர் வாய்க்குள் போய் வந்த அதே கையுறை. டிரைவர் தலைமுடியில் சிவப்பாக ஈரம் ஒட்டியது.

“ஆண்டவரே, இந்தப் பிள்ளையை உம்ம கையில ஒப்புக்கொடுக்கிறேன். என் கையைப் பரிசுத்தமாக்கும்...”

நர்ஸ் கண்ணை மூடவில்லை. ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். எது ஆகட்டும்? அந்தச் சீழ் இந்த மனுஷன் வாய்க்குள் போகட்டும் என்றா? அதற்கா அவள் கடவுள் பேரால் சாட்சி சொல்ல வேண்டும்?

ஜெபம் முடிந்தது. டாக்டர் நர்ஸைப் பார்த்தார்.

“ஆமென் சொல்லும்மா.”

“குறடு சுத்தமா இல்ல டாக்டர். முன்னாடி வந்தவரோட சீழ் அதுல அப்படியே இருக்கு.”

டிரைவர் கண்ணைத் திறந்தார். எழுந்து ஓடுவார் என்று நினைத்தாள். அவரோ டாக்டரைப் பார்த்துப் பல்லிளித்தார்.

“அட விடும்மா. அதான் ஐயா ஜெபம் பண்ணிட்டாரே, கிருமி என்ன செய்யும்?” என்று வாயை ஆவென்று திறந்தார்.

டாக்டர் சிரித்தபடி கை நீட்டினார். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது அவளுக்கு. தட்டோடு குறட்டைத் தூக்கி, எச்சில் பஞ்சுகள் மிதந்த வாளியில் போட்டாள்.

“வேற குறடு எடும்மா,” என்றார் டாக்டர். சிரிப்பு போய்விட்டது.

“சுத்தமானது ஒண்ணுகூட இல்ல.”

டிரைவர் வாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினார். “தப்பா எடுத்துக்காதீங்க ஐயா, நான் நாளைக்கு வர்றேன்,” என்று டாக்டரிடம் குழைந்தார். நர்ஸை மட்டும் முறைத்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் டாக்டர் பெருமூச்சு விட்டார். “நீ இனிமே வர வேண்டாம். உன் மாமியார்கிட்ட நான் பேசிக்கிறேன். உனக்குள்ள ஏதோ புகுந்திருக்கு. வா, ஜெபிச்சு அனுப்புறேன்.”

கை அவள் தலையை நோக்கி வந்தது. நர்ஸ் பின்னால் நகர்ந்தாள்.

“தொடாதீங்க டாக்டர். மொதல்ல போய்க் கையைக் கழுவுங்க.”