இருபத்தாறாம் நம்பர் பாட்டில்

அந்தப் படத்துக்கு மொத்தம் நாற்பத்தொரு பாட்டில்கள். எல்லாவற்றையும் நிரப்பியவர் டிக்காஷன். பெற்றோர் வைத்த பெயர் வேறு. படப்பிடிப்பில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். விஸ்கி என்றால் தேயிலைத் தண்ணீர். ரம் என்றால் அதில் கொஞ்சம் கருக்கிய சர்க்கரை. வோட்கா என்றால் கொதித்து ஆறிய தண்ணீர். குடியால் குடும்பத்தை இழந்து, பெருநகரத்தில் ஒற்றை அறையில் கிடக்கும் ஒருவனைப் பற்றிய படம் அது. அந்த அறையை ஸ்டூடியோவுக்குள் பலகையால் கட்டியிருந்தார்கள். ஜன்னல், கட்டில், பாத்திரம் கழுவும் தொட்டி, சுவரோரமெல்லாம் பாட்டில்.

டிக்காஷன் குடியை விட்டு ஒரு வருஷம் நாலு மாசம் ஆகியிருந்தது. "பாலுக்குப் பூனைய காவல் வெச்சிருக்காங்கப்பா" என்று லைட்காரர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது அவர் எங்கோ குடித்துக் கிடந்துவிட்டு மூன்றாம் நாள்தான் அங்கே போனார். அவள் இரண்டாம் நாளே இறந்துவிட்டிருந்தாள். இதை அவர் மனிதர் யாரிடமும் சொன்னதில்லை. கடவுளிடம் மட்டும் தினமும் காலையில் சொல்வார், அவருக்குத் தெரிந்த விஷயம்தான் என்றாலும்.

ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் இடையே எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தாள். ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் நம்பர் ஒட்டி, எது எந்த அளவு நிறைந்திருக்கிறது என்று போட்டோ எடுத்து வைத்திருப்பாள். அரை விரல் குறைந்தாலும் மன்னிக்க மாட்டாள். அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

ஒரு நாள் காலையில் அவள் வந்து நின்றாள். "டிக்காஷண்ணே, பதினேழுல ரெண்டு விரல் கொறஞ்சிருக்கு."

"எலியா இருக்கும்மா."

"எலி மூடியத் தொறந்து குடிச்சிட்டு, திரும்ப மூடி வெச்சிருச்சா?"

"படிச்ச எலியா இருக்கும். இரு, ஊத்திடறேன்."

அவர் கெட்டிலோடு வருவதற்குள் பதினேழு சரியான அளவுக்கு நிறைந்திருந்தது. டிக்காஷன் அப்போது சிரிக்கவில்லை. எலி குடிக்கும்; ஆனால் நிரப்பி வைக்காது. குறைந்ததை யாருக்கும் தெரியாமல் நிரப்பி வைக்கிற பிராணி உலகத்தில் ஒன்றுதான். அவரே ஒரு காலத்தில் வீட்டு ஷாம்பு பாட்டிலில் சரக்கை ஒளித்து வைத்தவர். மனைவி ஒரு தடவை அதைத் தலையில் தேய்த்துக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை.

அன்று கதாநாயகர் பதினேழிலிருந்து குடித்துக்கொண்டே அழ வேண்டிய காட்சி. ஆறு டேக். ஒவ்வொன்றிலும் முந்தியதைவிட நன்றாக அழுதார். டைரக்டர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். "இதுதான் சார் நடிப்பு!" எல்லாரும் கைதட்டினார்கள். டிக்காஷன் மட்டும் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாயகருக்கு நாலு வருஷமாகப் படம் இல்லை. மனைவி பிரிந்துபோய் ஆறு வருஷம். ஈரலைப் பார்த்த டாக்டர் இன்னொரு பாட்டில் உள்ளே போனால் அதுதான் கடைசி என்று சொல்லியிருந்தது ஊரறிந்த சேதி. இந்த வாய்ப்பையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்திருந்தார்கள்: செட்டில் ஒரு சொட்டு வாயில் பட்டால் அன்றைக்கே வெளியே. குடிகாரன் ஒளித்து வைக்க, நாற்பத்தொரு பாட்டில் இருக்கும் அறையைவிட நல்ல இடம் எது?

மறுநாள் மதியம் அவர் ஒரு முழு பாட்டிலை அண்ணாந்து காலி செய்யும் காட்சி.

மேனேஜரிடம் சொன்னால் நாயகரை வெளியே அனுப்புவார்கள். அனுப்பப்பட்டவன் நேராக எங்கே போவான் என்பது டிக்காஷனுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் எல்லார் கண்முன்னும் குடிப்பார், கைதட்டலும் கிடைக்கும். ஆகவே மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போன பிறகு, டிக்காஷன் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். பதினேழை மோந்து பார்த்தார். தேயிலை. நாயகர் சரக்கை இடம் மாற்றியிருக்கிறார்.

"ஆண்டவா, மூக்கு மட்டும் வேலை செஞ்சா போதும். வாய் வேண்டாம்" என்று வேண்டிக்கொண்டு முதல் நம்பரிலிருந்து ஆரம்பித்தார்.

இருபத்தாறின் மூடியைப் பாதி திருகும்போதே தெரிந்துவிட்டது. பழைய கூட்டாளி தெருமுனையில் வரும்போதே நடையை வைத்து அடையாளம் தெரிகிற மாதிரி. பாட்டிலோடு தொட்டி முன்னால் போய் நின்றார். கை சாயவில்லை. கீழேயும் வைக்கவில்லை. அப்படியே நின்றார்.

கதவு திறந்தது. நாயகர்.

"யோவ், அதக் கீழ வை."

"வைக்கத்தான் சார் பாக்கறேன்."

"அது என்னோடது."

"தெரியும் சார். டீத்தண்ணிய யாரும் இவ்வளவு இறுக்கி மூட மாட்டாங்க."

"வெளிய சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. உனக்கு என்ன வேணும், கேளு."

"ஒரு ஒத்தாசை வேணும் சார். இதத் தொட்டில ஊத்தணும். அஞ்சு நிமிஷமா கையச் சாயச் சொல்றேன், அது வாய்ப்பக்கமே சாயுது. நீங்க கொஞ்சம் மணிக்கட்டப் புடிச்சீங்கன்னா..."

"என்னையா? இதுக்குப் போயி என்னையா கேக்கற?"

"இங்க வேற யாரும் இல்லையே சார்."

நாயகர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ விட்டு எத்தன நாளாச்சு?"

"ஒரு வருஷம் நாலு மாசம்."

"அப்புறமும் கை இப்படி ஆடுதா?"

"ஆடுது சார்."

"அப்ப விட்டு என்னய்யா பிரயோஜனம்?"

"காலைல எழுந்தா முந்தின நாள் என்ன நடந்துச்சுன்னு தெரியுது சார்."

"அது நல்லதா?"

"பாதி நாள் நல்லது."

நாலு வருஷமாக நாயகரிடம் ஜனங்கள் போட்டோ கேட்டிருக்கிறார்கள், விளக்கம் கேட்டிருக்கிறார்கள். உதவி என்று யாரும் கேட்டதில்லை. அவர் வந்து டிக்காஷனின் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கையும் ஆடியது. இரண்டு நடுக்கமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஒருவழியாக நிதானத்துக்கு வந்தன. பாட்டில் சாய்ந்தது. கடைசிச் சொட்டுவரை இருவரும் சவ ஊர்வலம் பார்ப்பவர்களைப் போல மரியாதையாக நின்றார்கள்.

அப்புறம் கால் நனைந்தது.

பலகை அறையின் தொட்டிக்கு அடியில் குழாய் கிடையாது. கேமரா அங்கே பார்ப்பதில்லை என்பதால் யாரும் வைக்கவில்லை. இருபது வருஷம் செட்டில் வேலை செய்தவருக்கு இது தெரியும். அன்று மட்டும் மறந்துவிட்டது. முக்கால் பாட்டில் சரக்கு தரையில் ஓடி, கட்டிலுக்கு அடியில் போய்த் தேங்கியது. சாப்பிட்டுவிட்டு வந்த அறுபது பேருக்கும் வாசலிலேயே வாசனை வந்தது.

மேனேஜர் முன்னால் வந்தார். "யாரோடது இது?"

"என்னோடது சார்" என்றார் டிக்காஷன்.

"என்னோடதுய்யா" என்றார் நாயகர், அதே நொடியில்.

"ஒரு புள்ளைக்கு ரெண்டு அப்பனா?" மேனேஜர் நாயகர் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு குடிச்சீங்களா?"

"இல்ல."

"நேத்து?"

நாயகர் வாயைத் திறந்தார். டிக்காஷன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நேத்து ஷாட்டுக்கு முன்னால எல்லா பாட்டிலும் லெவல் சரியா இருந்துச்சு சார்" என்றாள் பூதக்கண்ணாடி. "போட்டோ இருக்கு, பாருங்க."

அவள் சொன்னது பொய்யில்லை. மேனேஜர் போட்டோவை வெகுநேரம் பார்த்தார். அதில் அளவு தெரிந்தது; உள்ளே இருந்தது எது என்று தெரியவில்லை. பிறகு நாயகரின் நனைந்த காலைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் குடிக்கிற தம்பி ஒருவன் இருந்தான்.

"வாயில படக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கு" என்றார். "தரையில படறதப் பத்தி ஒண்ணும் எழுதல. தொடைங்க."

மதியக் காட்சி தேயிலைத் தண்ணீரில் நடந்தது. பதினோரு டேக். டைரக்டருக்குத் திருப்தியில்லை. "நேத்து மாதிரி வரல சார்."

"வராது. நேத்து நான் நடிக்கல."

நடிப்புக் கலையைப் பற்றிய பெரிய வாக்கியம் என்று நினைத்து, டைரக்டர் அதை எழுதி வைத்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும் நாயகர், பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த டிக்காஷனிடம் வந்தார். "எந்த நேரம்யா ரொம்பக் கஷ்டம்?"

"ஏழுலருந்து எட்டரை சார். அதத் தாண்டிட்டா தூங்கிடலாம்."

"அப்ப என்ன பண்ணுவ?"

"சாமி கும்பிடுவேன். அது பத்து நிமிஷம். மிச்ச நேரம் துணி தொவைப்பேன்."

"அழுக்குத் துணி இல்லேன்னா?"

"தொவச்சதையே தொவைப்பேன்."

நாயகர் ஒன்றும் சொல்லாமல் போனார். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். குடிகாரன் மௌனத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை.

ஏழு மணிக்கு டிக்காஷன் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். நாயகர் தனியாக நின்றுகொண்டிருந்தார். அக்குளில் ஒரு மூட்டை.

"எல்லாம் சுத்தமான துணிதான்" என்றார். "வீட்டுல வேற கெடைக்கல."

டிக்காஷன் இன்னொரு வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்தார். நாயகருக்கு அலசத் தெரியவில்லை. பிழியச் சொன்னால் கட்டிப்பிடித்தார். எட்டரை ஆகியும் மூன்று சட்டைதான் முடிந்திருந்தது.